கம்போடியாவும் நான் பணம் அனுப்பிய குழந்தைகள் இல்லமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடு, டீக்கடை, கம்பெனி கேன்டீன் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடுவேன்.

திருப்பூர்க்காரருக்குக் கம்போடியாவில் என்ன வேலை?

பனியன் வேலைதான், வேறென்ன. நான் மெர்சண்டைசர், ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு போகும்வரை பார்ப்பவன். 2014-ல் எங்கள் பையர் ஒருவர் ஆர்டரில் பாதியைத் தலைநகர் புனோம் பென் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டு, பிட் சாம்பிள் பார்க்கவும் லைனில் நின்று செக்கிங் செய்யவும் ஒரு ஆளை அனுப்பச் சொன்னார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அதனால் என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் என்று போனவன் அதற்கப்புறம் ஏழெட்டு முறை போய்வந்துவிட்டேன், பாதி கம்பெனிச் செலவில், பாதி சொந்தச் செலவில்.

அந்த வருஷம் அங்கே கார்மென்ட்ஸ் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 100 டாலர். 2025-ல் 208 டாலர்.

ஊர் எப்படி, நமக்கு ஒட்டுமா?

ஒட்டும். கையைக் கூப்பித்தான் கும்பிடுகிறார்கள். அவர்களுடைய எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, கடைப் பலகையைப் பார்த்தால் படிக்கத் தெரிந்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் புரியாது. பள்ளிக்கூடத்துக்கு ‘சாலா’ என்கிறார்கள். புத்தாண்டு நம்முடையது வரும் அதே ஏப்ரல் பாதியில். புரட்டாசி வாக்கில் நம் மகாளய பட்சம் போலவே பதினைந்து நாள் முன்னோர்களுக்குச் சோறு படைக்கும் ‘ப்சும் பென்’ வருகிறது. காலையில் ‘நோம் பன் சோக்’ என்று ஒன்று கிடைக்கும், இடியாப்பத்தைக் கொஞ்சம் ஈரமாகப் பிழிந்து மேலே தேங்காய்ப்பால் மீன் குழம்பை ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. ‘ப்ரஹோக்’ என்ற புளிக்கவைத்த மீனின் வாசனைக்குப் பழக மட்டும் எனக்கு இரண்டு வாரம் ஆனது, கருவாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு நாள்கூட ஆகாது.

இல்லத்துக்கு எப்படிப் போனீர்கள்?

டுக்டுக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் விஷயமே. மூன்று நாள் லீவு கிடைத்ததும் (அரசு விடுமுறைக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை) பஸ் ஏறிச் சியம் ரீப் போனேன், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அப்போது ரோடு போட்டுக்கொண்டிருந்ததால் வழியெல்லாம் புழுதி. அங்கோர் வாட், பாயோன், மரத்தின் வேர் கோயிலைக் கவ்விக்கொண்டிருக்குமே அந்த தா ப்ரோம், எல்லாம் பார்த்து முடித்தபோது மணி மூன்று. டுக்டுக்காரர் கேட்டார்: ஏரிக்குப் போகலாமா, பட்டு நெய்வதைப் பார்க்கலாமா, அநாதை இல்லத்துக்குப் போகலாமா? மூன்றையும் ஒரே மூச்சில். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு மூட்டை அரிசி வாங்கவைத்தார். கடைத்தெருவில் விற்கிற விலையைவிட இரண்டு மடங்கு இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த அரிசி மூட்டை வித்தை அங்கே பிரசித்தம், தொன்லே சாப் ஏரியில் படகுக்காரர்களும் செய்வார்கள். நாம் கொடுத்துவிட்டு வந்ததும் மூட்டை கடைக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆளுக்கு விற்க.

உள்ளே போனதும் முப்பது பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள். எல்லாரும் என்னைப் ‘பூ’ என்று கூப்பிட்டார்கள், அவர்கள் மொழியில் சித்தப்பா, மாமா மாதிரியான சொல். ஒரு பாட்டு, ஒரு நடனம், அப்புறம் சுற்றிக்காட்டல். இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் தானம் கொடுத்தவர் பெயர்ப் பட்டை. ஒரே கட்டிலில் மூன்று பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பழைய பட்டை கிழிந்ததால் புதிதாக ஒட்டியிருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயசு இருக்கும், ஒரு பெண்பிள்ளை என் கையை விடவே இல்லை. கண் கலங்கிவிட்டது. மாதம் 50 டாலர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன், அன்றைய கணக்கில் மூவாயிரம் ரூபாய்.

சந்தேகம் எப்போது வந்தது?

2016 ஏப்ரலில். புத்தாண்டுக்குப் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று பாவாடை, சட்டை, முறுக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் போய் நின்றேன். ஆச்சரியம் எனக்குத்தான். முப்பது பிள்ளைகளில் ஆறு பேர்தான் இருந்தார்கள். செருப்பு ரேக் காலி. சமையல்கார அம்மாவிடம் மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் ஏழெட்டுச் சொல்தான் தெரியும், அதில் இரண்டைச் சொன்னார்: வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

யார் வீட்டுக்கு? அம்மா வீட்டுக்கு. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது ஹாஸ்டல், லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அநாதை என்று பலகை எழுதியது ஆங்கிலத்தில், நமக்காக.

அப்படியானால் நீங்கள் போனது மோசடி இல்லம் என்கிறீர்களா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். நடத்தியவர் என் பணத்தில் கொஞ்சம் தின்றிருப்பார், பிள்ளைகளுக்கும் சோறு போட்டார், பள்ளிக்கு அனுப்பினார். எனக்கு வருத்தம் அதில் இல்லை, பொதுக் கணக்கைப் பார்த்தபோது வந்தது. 2005-க்கும் 2010-க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்த ஐந்து வருஷத்தில் அங்கே போர் இல்லை, பெருகியது சுற்றுலாதான். 2015-ல் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து எண்ணியபோது 406 இல்லங்களில் 16,579 குழந்தைகள் இருந்தார்கள். விசாரித்ததில் 13 முதல் 17 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள்.

கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கும்பலின் ஆட்சியை நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் போகிறோம். 1975 முதல் 1979 வரை பதினைந்து லட்சத்துக்கு மேல் செத்தார்கள், உண்மை. ஆனால் அந்தக் காலத்து அநாதைக்கு இன்று ஐம்பது வயசு. நான் மடியில் வைத்துக்கொண்ட பிள்ளை பிறந்தது 2005 வாக்கில்.

பெற்றவர்கள் இருந்தும் ஏன் கொண்டுபோய் விடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். சியம் ரீப்பிலிருந்து மோட்டார் பைக்கில் ஒன்றரை மணி நேரம் போனால் அவர்கள் கிராமம், புத்தாண்டுக்கு அவரும் வந்திருந்தார். எங்கிருந்து வந்தார்? புனோம் பென்னிலிருந்து. என்ன வேலை? ஓவர்லாக் மிஷின். நான் செக்கிங் பண்ணுகிற அதே மாதிரி ஒரு ஃபேக்டரியில், அதே மாதிரி டி-சர்ட்டுக்குத் தோள் மூட்டுகிறார். லாரியில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிற பெண்களை தினமும் காலையில் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

புருஷன் பொய்ப்பெட் எல்லையைத் தாண்டித் தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனவர், பிறகு பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்குக் கண் சரியில்லை. நிலப் பத்திரத்தை வைத்து நுண்கடன் வாங்கியிருந்தார்கள், அங்கே அது சாதாரணம், தவணை தவறினால் நிலம் போய்விடும். கிராமத்தில் தொடக்கப் பள்ளி உண்டு, அதுவும் அரை நாள்தான், காலை ஷிப்ட் அல்லது மதிய ஷிப்ட். அதற்கு மேல் படிக்க எட்டு கிலோமீட்டர் போகணும், மழைக்காலத்தில் பாதை இருக்காது. இந்த நேரத்தில் ஒருவர் வந்து, பிள்ளையை டவுனில் வைத்துப் படிக்கவைக்கிறோம், ஆங்கிலம் சொல்லித்தருகிறோம், வெள்ளைக்காரர்கள் உதவுகிறார்கள், ஒரு பைசா வேண்டாம் என்றால் எந்த அம்மா மாட்டேன் என்பாள்? நம் ஊரில் விடுதியில் சேர்ப்பதில்லையா?

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன், கூட வந்த பையன் மொழிபெயர்த்தான். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மாதம் எவ்வளவு வேண்டும்? அவர் யோசித்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னது 25 டாலர், அதோடு ஒரு சைக்கிள். நான் இரண்டு வருஷமாக அனுப்பியது 50. பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்துவைக்க அதில் இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஆனாலும் இல்லத்தில் மூன்று வேளை சோறு, படிப்பு எல்லாம் கிடைக்கிறதே, பரவாயில்லைதானே?

என் அக்காவும் இதைத்தான் கேட்டாள். சோறு பரவாயில்லை. மற்றது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ருமேனியாவில் 2000 வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. புக்கரெஸ்ட் நகர விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் புத்தியிலும், ஒட்டிப் பழகுவதிலும் முன்னுக்கு வந்தார்கள், அதிலும் இரண்டு வயசுக்கு முன்னால் போனவர்கள் இன்னும் நன்றாக. அந்த ருமேனிய விடுதிகள் மிக மோசமானவை, எல்லா இல்லமும் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரென்றே தெரியாத ஆள் உள்ளே வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, நான் பாசம் என்று நினைத்து அழுதேனே, அது இப்படி வளர்கிற பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது என்று படித்தபோது அடிவயிற்றில் ஏதோ செய்தது. உங்கள் வீட்டுப் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால்தானே ஒளியும்.

சரி, பணம் வேண்டாம். ஒரு வாரம் போய்ப் பாடம் சொல்லித்தரலாமா?

வேண்டாம். போன வாரம் வந்தவர் சொல்லிக்கொடுத்த அதே ஏ, பி, சி, டி-யைத்தான் நீங்களும் சொல்லிக்கொடுப்பீர்கள், பிள்ளைகளும் தெரியாத மாதிரியே கேட்பார்கள். சொல்லிக்கொடுத்தே ஆகணும் என்றால் அங்குள்ள டீச்சருக்கு, சமூகப் பணியாளருக்கு உங்களுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லிக்கொடுங்கள். கணக்கு வைப்பது, கம்ப்யூட்டர், தையல், எதுவானாலும்.

ஓர் இல்லம் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட் திறந்திருந்து யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிப் போட்டோ எடுக்கலாம் என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள், மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. நல்ல இடத்தில் உங்களை உள்ளேயே விட மாட்டார்கள், அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவார்கள், அவமானமாகக்கூட இருக்கும். அங்கே கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை பேருக்குப் பெற்றவர் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள், போன வருஷம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள், சமூக நல அமைச்சகத்தின் அனுமதி எங்கே? மூன்றாவது கேள்விக்குப் பெருமையாகப் பதில் சொன்னால் நல்ல ஆட்கள். கட்டடம் பெரிதாகிறது, பிள்ளைகள் கூடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

அந்த இல்லம் இப்போது என்ன ஆனது?

மூடிவிட்டார்கள். 2015-ல் அரசு இல்லங்களை ஒழுங்குபடுத்தத் தனி ஆணை போட்டது, சியம் ரீப் உள்ளிட்ட ஐந்து மாகாணங்களில் இல்லப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரை 2018-க்குள் குடும்பத்தோடு சேர்ப்பது என்று திட்டமும் வைத்தார்கள். எங்கள் இல்லம் ஆய்வுக்குத் தாங்கவில்லை, 2017-ல் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகளை ஒரே நாளில் லாரியில் ஏற்றி அனுப்பிவிடவில்லை, சமூகப் பணியாளர்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்து, மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு சேர்த்தார்கள். நாலு பேருக்கு உண்மையிலேயே போக இடமில்லை, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் இப்போது பணம் அனுப்புகிறேன்.

என்னிடம் எந்த அமைப்பு என்று கேட்டு அப்படியே பணம் போட்டுவிடாதீர்கள். இரண்டு வருஷம் தப்பான இடத்துக்கு அனுப்பியவன் நான், நீங்களே விசாரியுங்கள்.

இந்தியாவிலிருந்து எப்படிப் பணம் அனுப்புவது? வரிச் சலுகை உண்டா?

ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில், ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடக்கம். பான் கார்டும், ஏ2 ஃபாரமும் வேண்டும். 10 லட்ச ரூபாய்க்கு மேல் போனால் டிசிஎஸ் என்று வங்கியே வரி பிடித்துவிடும், நமக்கெல்லாம் அந்தக் கவலை இல்லை. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்கு கிடையாது, அது இந்தியாவில் பதிவான அமைப்புகளுக்கு மட்டும். பெரிய தொல்லை என்னவென்றால் வங்கிக் கமிஷன், நடுவில் ஒரு வங்கி வேறு தன் பங்கைப் பிடிக்கும். மாதாமாதம் 50 டாலர் அனுப்பியபோது கணிசமாகக் கரைந்தது, இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புகிறேன்.

நம் ஊரில் இல்லாத கஷ்டமா? அங்கே போய் ஏன்?

பதில் இல்லை. கண்ணால் பார்த்தது அங்கே, அவ்வளவுதான். இங்கேயும் இதே கதைதான், எத்தனையோ இல்லங்களில் பெற்றவர் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கேக்கும் பிரியாணியும் கொண்டுபோய் வெட்டிப் போட்டோ எடுக்கிறோமே, அதுவும் டுக்டுக் சவாரிதான். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தெரிந்த குடும்பம் கஷ்டத்தில் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க உதவுங்கள், கேக்கைவிட அது பெரிசு.

அங்கிருந்து தத்தெடுக்க முடியுமா?

அந்த ஆசையை விடுங்கள். குழந்தைகளை விலைக்கு வாங்கிக் கொடுத்த புகார்களால் அமெரிக்காவே 2001 டிசம்பரில் கம்போடியாவிலிருந்து தத்தெடுப்பதை நிறுத்திவிட்டது.

கம்போடியா போனால் பாதுகாப்பா? செய்தியில் என்னென்னவோ வருகிறதே?

சுற்றிப்பார்க்கப் போகிறவருக்குப் பெரிய பயமில்லை. செய்தியில் வருவது வேறு: டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜென்ட் பேச்சை நம்பி டூரிஸ்ட் விசாவில் போன நம் பையன்களை ஆன்லைன் மோசடி கும்பல்களிடம் சிக்கவைத்தது. அது நிஜம், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் மாட்டினார்கள். வேலைக்குப் போவதானால் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று பாருங்கள். இன்னொன்று, 2025 ஜூலையில் தாய்லாந்தோடு எல்லைச் சண்டை வந்து தரைவழி மூடப்பட்டது, பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்ற பழைய திட்டத்தை நம்ப வேண்டாம். தாய்லாந்தில் வேலை பார்த்த லட்சக்கணக்கானவர்கள் அப்போது ஊர் திரும்பினார்கள். பணம் அனுப்ப ஆளில்லாமல், கடன் மட்டும் மிச்சமான வீடுகள். பிள்ளைகள் மறுபடி இல்லங்களுக்குப் போவது இப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த வருஷம் நான் கொஞ்சம் கூட அனுப்பினேன்.

அவ்வளவு தூரம் போய், குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாமல் வர மனசு வராதே?

அங்கோர் டிக்கெட் வாங்கினாலே செய்துவிட்டீர்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், அதில் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. பியட் ரிச்னர் என்ற சுவிஸ் டாக்டர் நடத்தியவை, வைத்தியம் இலவசம். சனிக்கிழமை ராத்திரிகளில் சியம் ரீப் மருத்துவமனையில் அவரே செல்லோ வாசித்து, இளசுகளிடம் ரத்தமும் பெரியவர்களிடம் பணமும் கேட்பார். 2018-ல் இறந்துவிட்டார். அந்த மருத்துவமனைக்குப் பெயர் ஜெயவர்மன் VII, பழைய கெமர் அரசர் ஒருவரின் பெயர். தா ப்ரோமில் இருந்த அந்த அரசரின் 1186-ஆம் வருஷக் கல்வெட்டில் நாடெங்கும் 102 மருத்துவமனைகள் என்று இருக்கிறது, பொருத்தமான பெயர்தான். ரத்தம் கொடுங்கள், யாரும் உங்களைக் கட்டிப்பிடிக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்பிள்ளையை இப்போதும் பார்ப்பீர்களா? போகும்போது என்ன வாங்கிப் போவீர்கள்?

இல்லத்தை விட்டு வந்து பாட்டி வீட்டிலிருந்தே சைக்கிளில் போய்ப் படித்தாள், பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். புத்தாண்டன்று டெலிகிராமில் ஒரு பூ படமும் ‘பூ’ என்ற அழைப்பும் வரும். கடைசியாக 2023-ல் போனேன், வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன், போட்டோ எடுக்கவில்லை. நம் ஊர் டி-சர்ட் நாலு கொண்டுபோயிருந்தேன், செகண்ட்ஸ் இல்லை, ஏ-கிரேடு, பார்த்துப் பார்த்து எடுத்தது. அம்மா வாங்கினார், சிரித்தார், உடனே ஒன்றை உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துத் தோள் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்னிடம் காட்டினார். இரண்டு தையல் விட்டிருந்தது.